டிம் மாயாவின் ‘ப்ரிமவேரா’: வசந்தப் பாட்டுக்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது?

பதிவு 1, கூடல்வாசி

மூன்று வாரங்களாக ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ‘சோல்’ இசைக்குப் பிரேசிலில் முகவரி கொடுத்தவர்களில் முதன்மையானவரான டிம் மாயா, 1970-இல் பாலிடோர் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட தம் முதல் எல்பி தட்டில் பாடிய ‘ப்ரிமவேரா’ என்ற காதல் பாட்டு அது. தலைப்புக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ‘வாய் ஷூவா’ என்றும் இருக்கும். முன்னது வசந்தம், பின்னது மழையைப் பார்த்துச் சொல்லும் ஒரு விளி. எழுதியவர்கள் கஸ்ஸியானோ, சில்வியோ ஹோஷேல் என்ற இருவர்.

போர்த்துகீசியம் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது, சொற்கள் குறைவாக இருக்கின்றனவே என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். குளிர்காலம் வந்தாலும் உன்னோடு இருக்க வேண்டும், இலையுதிர்காலம் திரும்பினாலும் உன்னோடு இருக்க வேண்டும், இது வசந்தம், உன்னைக் காதலிக்கிறேன், இதோ ஒரு ரோஜா, வானம் இன்று எவ்வளவு அழகு. ஏறக்குறைய இவ்வளவுதான் பாட்டு. பள்ளிக்கூடப் பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கிழித்துப் போடுகிற கடிதத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ஆனால் காதில் விழும்போது, எதையோ பறிகொடுத்துவிட்டுப் பேசுகிற ஒருவரின் குரலாக அது கேட்கிறது. சொல்லில் துயரம் ஒரு துளிகூட இல்லாதபோது ஒலியில் இந்தக் கனம் எப்படி வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. இசை தெரிந்தவர்களும் மொழி தெரிந்தவர்களும் சொல்ல வேண்டும்.

பதிவு 2, ஒலிப்பேழை

கூடல்வாசி, முதலில் குரலிலிருந்து தொடங்குவோம். நாம் ‘டிம்’ என்று எழுதுகிறோம். ரியோவில் அந்தப் பெயரை ‘ச்சிம்’ என்றுதான் சொல்வார்கள். இயற்பெயர் செபஸ்தியாவோ ரொட்ரீகெஸ் மாயா. 1942-இல் ரியோவின் டிஜூகா பகுதியில், பிள்ளைகள் நிறைந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் சமைத்த சாப்பாட்டை அடுக்குப் பாத்திரங்களில் சுமந்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த சிறுவன் அவர். 1957-இல் ஸ்புட்னிக்ஸ் என்று ஒரு குழு தொடங்கினார். பின்னாளில் பிரேசிலின் மிகப் பெரிய காதல் பாடகராக ஆன ரொபெர்த்தோ கார்லோஸ் அதில் உடன் பாடியவர்.

நம் கேள்விக்கு முக்கியமானது அடுத்த கட்டம். 1959-இல் அவர் அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் மாநிலத்தின் டாரிடவுன் என்ற சிற்றூரில் தங்கினார். ஐடியல்ஸ் என்ற குரலிசைக் குழுவில் சேர்ந்தார். நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து, ஒருவர் முன்குரலாகவும் மற்றவர்கள் பின்குரல்களாகவும் பாடும் டூ-வாப் என்ற முறையை அங்கே கற்றுக்கொண்டார். பிறகு கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகி, அறுபதுகளின் முற்பகுதியில் நாடு கடத்தப்பட்டுத் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் கூட்டாளிகள் புகழ் பெற்றுவிட்டார்கள். இவர் கையில் ஒன்றுமில்லை. முதல் எல்பி வரும்போது வயது இருபத்தேழு.

அன்றைய ரியோவின் காதை நினைத்துப் பாருங்கள். 1958-இல் ஜொவாவோ ஜில்பெர்த்தோ தொடங்கிவைத்த போசா நோவா பாணி, காதலை ஒலிவாங்கிக்கு அருகில் வந்து, பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடக்கூடாதே என்பதுபோல மெல்லச் சொல்லும் பாணி. அந்தக் கட்டுப்பாடு ஒரு பெரிய கலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காதுகளுக்குள் தாழ்ந்த சுருதியில், கரகரப்போடு, நெஞ்சுக்கூட்டை முழுவதும் திறந்து பாடும் ஒரு கறுப்பினப் பாடகரின் குரல் நுழைந்தபோது, அதே ‘உன்னைக் காதலிக்கிறேன்’ வேறு எடை பெற்றுவிட்டது. உங்களுக்குத் துயரமாகக் கேட்பதில் பாதி, சொல்லின் துயரமல்ல, அந்தக் குரலின் உடம்பு.

பதிவு 3, புதியவன்77

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பிரேசில் பாட்டு என்றாலே ‘சௌடாஜி’தானே, மொழிபெயர்க்க முடியாத அந்த ஏக்கம்தான் இதிலும் இருக்கிறது.

பதிவு 4, தென்கடல் செல்வி

புதியவன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு ஆண்டுகள் சாவோ பாவுலோவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒரு சொல்லை எல்லாப் பிரேசில் பாட்டுக்கும் போர்த்துவது, எந்தக் குழம்புக்கும் ஒரே பொடியைப் போடுவது மாதிரி. சௌடாஜி என்பது இருந்து இல்லாமல் போன ஒன்றின்மீது வருவது. இந்தப் பாட்டில் இறந்தகால வினை ஒன்றே ஒன்றையாவது காட்டுங்கள் பார்ப்போம். ‘வரும்போது’, ‘வேண்டும்’, ‘திரும்பட்டும்’, ‘காதலிக்கிறேன்’, ‘கொண்டுவருகிறேன்’, ‘இருக்கிறது’ என்று எல்லாம் இந்த நொடியிலோ இனிமேலோ நடப்பவை. இழந்தவன் இப்படிப் பேச மாட்டான். இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவன் வேண்டுமானால் பேசுவான்.

கூடல்வாசிக்கு இன்னொன்று. ‘உன்னோடு’ என்று நீங்கள் மொழிபெயர்த்த இடத்தில் பாட்டில் இருப்பது ‘ஜுண்டு ஆ ச்சி’. ரியோவிலும் சாவோ பாவுலோவிலும் பேச்சில் ‘நீ’ என்பதற்கு ‘வொசே’ என்பார்கள். ‘ச்சி’ என்ற இந்த வடிவம், அதுவும் ‘ஜுண்டு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி வருவது, பழைய காதல் கடிதத்தின் வாசனை அடிக்கிற ஒன்று. தமிழில் ‘நின்னோடு’ என்றால் எப்படி இருக்கும், அப்படி. இதே தட்டில் இதே இருவர் எழுதிய ‘எவ் ஆமு வொசே’ (உன்னைக் காதலிக்கிறேன்) என்று இன்னொரு பாட்டு இருக்கிறது. அது தலைப்பிலேயே தெருவில் பேசுகிற ‘வொசே’யைப் பிடித்துக்கொண்டது. ஆகையால் ‘ச்சி’ என்பது தற்செயலாக விழுந்த சொல் என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, ரோஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற ஒருவரின் மொழி அது.

இந்தப் பாட்டில் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதற்கு ‘தெ ஆமோ’ என்று எழுத்தில் இருப்பதை அவர் பாடும்போது ‘ச்சி ஆமு’ என்று கேட்கும். அந்த ‘ஆ’வைத்தான் அவர் அகலத் திறந்து வைத்திருக்கிறார், ‘மு’வில் வாய் மூடும்போது ஒலியும் உள்ளே போய்விடும். காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்த ஓரிடத்தை மட்டும் நாலைந்து முறை கேளுங்கள்.

பதிவு 5, தாளக்கட்டு

நான் இருபது வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவன். குரலைப் பற்றி ஒலிப்பேழை ஐயா சொன்னதும் மொழியைப் பற்றிச் செல்வி அக்கா சொன்னதும் சரி. ஆனால் என் காதுக்கு முதலில் பட்டதை இருவரும் தொடவில்லை. யார் எதைப் பாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

பல்லவிக்கு வாருங்கள். டிம் மாயா ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்கிறார். ‘இது வசந்தம்’ என்று சொல்வது அவரில்லை, பின்னால் நிற்கும் குழு. அவர் மறுபடி ‘காதலிக்கிறேன்’ என்கிறார், குழு மறுபடி ‘இது வசந்தம்’ என்கிறது. அடுத்து ரோஜா. ‘இந்த ரோஜாவைக் கொண்டுவருகிறேன்’ வரை அவர். ‘உனக்குத் தருவதற்கு’ என்று வாக்கியத்தை முடிப்பது குழு. கடைசியில் ‘இன்று வானம் எவ்வளவு அழகு’ என்கிறார் அவர். ‘வாய் ஷூவா’ என்று மழையைக் கூப்பிட்டுச் சொல்வது குழு.

ஆக, பாட்டின் தலைப்பில் இருக்கும் இரண்டுமே, அடைப்புக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும், பாடகரின் வாயில் இல்லை. அவருக்கென்று விடப்பட்டிருப்பது காதலும் பாதி ரோஜாவும்தான். பருவம் மாறிவிட்டது என்று அவருக்கு அடுத்தவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. பூவை எதற்குக் கொண்டுவந்தார் என்பதையும் அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். பெண் வீட்டு வாசலில் வாய் வராமல் நிற்கும் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்று தோழர்கள் முதுகில் தட்டித் தட்டி வார்த்தை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதுதான். அந்தத் தயக்கத்தைத்தான் கூடல்வாசி துயரம் என்று கேட்டிருக்கிறார் என்பது என் எண்ணம்.

ஒருவர் விடுக்க, கூட்டம் எடுத்து முடிக்கும் இந்த முறை அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களிலிருந்து டூ-வாப்புக்கும் சோலுக்கும் வந்தது. டாரிடவுனில் அவர் கற்றது வீண்போகவில்லை. சம்பாவிலும் தலைவர் விடுத்துக் கூட்டம் எடுக்கும் வழக்கம் முன்பே உண்டு என்பதால் பிரேசில்காரர்களுக்கு இது அந்நியமாகவும் பட்டிருக்காது.

பதிவு 6, ஒலிப்பேழை

தாளக்கட்டு, அருமையாகப் பிடித்தீர்கள். உங்கள் கவனிப்போடு ஒரு தகவலைச் சேர்க்கிறேன். அந்தத் தட்டில் பின்குரல் கொடுத்தவர்கள் டியகொனைஸ் குழுவினர். கஸ்ஸியானோ அந்தக் குழுவைச் சேர்ந்தவர். அதாவது மழையிடம் பேசும் குரல்களுக்குள் பாட்டை எழுதியவரே நிற்கிறார். எழுதியவர் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கிறார், பாடுகிறவர் முன்னால் நின்று தடுமாறுகிறார் என்று உங்கள் மாப்பிள்ளைத் தோழன் உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம்.

இதே பாட்டைக் கஸ்ஸியானோ 1971-இல் தம் ‘இமாஜெம் இ சோம்’ தட்டில் தாமே பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அவருடைய குரல் மெல்லியது, உயரத்தில் மிதப்பது. அதில் இந்தப் பாட்டு நிஜமாகவே ஒரு வசந்தப் பாட்டாகக் கேட்கும். அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கனமான கையில்தான் ரோஜா சின்னதாகத் தெரிகிறது.

டிம் மாயாவிடம் இதன் தலைகீழும் உண்டு. 1973 தட்டில் அவர் பாடிய, எட்சன் ட்ரிண்டாடி எழுதிய ‘கொஸ்டாவா டாண்டு ஜி வொசே’ முழுக்க முழுக்கப் பிரிவுப் பாட்டு. ‘உன்மீது எவ்வளவு பிரியமாயிருந்தேன்’ என்று தலைப்பே இறந்தகாலத்தில் நிற்கிறது. ஆனால் தாளம் ஆட்டத்துக்கு இழுக்கும். ஊதுகருவிகள் பளிச்சென்று முன்னால் வரும். கல்யாண வீட்டில் போட்டால் எல்லோரும் எழுந்து ஆடுவார்கள், சொல்லைக் கவனித்தவர் மட்டும் உட்கார்ந்துவிடுவார். சிரிக்கிற சொல்லுக்கு அழுகிற ஒலி, அழுகிற சொல்லுக்கு ஆடுகிற ஒலி என்று இரண்டையும் இழுத்துக் கட்டுவதில் அவருக்கு ஓர் இயல்பான சாமர்த்தியம் இருந்தது. ‘வசந்தம்’ பாட்டைத் தனியாக வைத்துப் பேசினால் அது புரியாது.

பதிவு 7, கூடல்வாசி

தாளக்கட்டு எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி கேட்டேன். வெட்கமாக இருக்கிறது. ‘இது வசந்தம்’ என்று அவர் பாடுவதாகவே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நோட்டில் எல்லா வரியையும் ஒரே ஆளின் பேச்சாக எழுதி வைத்திருக்கிறேன்.

பதிவு 8, பருவக்காற்று

புவியியல் ஆசிரியன் ஒருவன் இடையில் புகுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் குளிர்காலம் இருக்கிறது, இலையுதிர்காலம் இருக்கிறது, வசந்தம் இருக்கிறது. கோடை எங்கே?

பிரேசில் தென்கோளத்தில் இருப்பதால் அங்கே வசந்தம் செப்டம்பர் 22, 23 வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை போகும். ரியோவில் குளிர்காலம் என்பது பெயரளவுக்குத்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்டு, இதமாக இருக்கும். மழை கொட்டுவது கோடையில், டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மலைச்சரிவு வீடுகள் சரிவதும் தெருக்களில் வெள்ளம் ஓடுவதும் அப்போதுதான். ஆகவே ரியோக்காரர் ஒருவர் வசந்தத்தில் நின்றுகொண்டு மழையைப் ‘போ’ என்று சொன்னால், பெயர் சொல்லாமல் விட்ட நான்காவது பருவத்தைத்தான் விரட்டுகிறார் என்று வாசிக்க இடமிருக்கிறது. குளிரையும் இலையுதிர்வையும் ‘வந்தால் வரட்டும்’ என்று ஏற்றுக்கொண்டவர், கோடையின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயமோ என்னவோ.

பதிவு 9, தென்கடல் செல்வி

பருவக்காற்று ஐயா, உங்கள் வாசிப்பு அழகாக இருக்கிறது. ஆனால் கஸ்ஸியானோ ரியோக்காரராகப் பிறந்தவரில்லை. 1943-இல் வடகிழக்கு மாநிலமான பரைபாவின் கம்பினா கிராண்ஜியில் பிறந்தவர். அந்த ஊர்ப்பக்கத்துப் பேச்சை வைத்துப் பார்த்தால் இந்தப் பாட்டு வேறு ஒன்றாகத் திரும்பிக்கொள்கிறது.

வடகிழக்கில், வறட்சி வந்தால் ஊரையே விட்டுப் போக வைக்கும் நிலப்பரப்பில், ‘இன்வெர்னு’ என்றால் மக்கள் பேச்சில் குளிர்காலம் அல்ல, மழைக்காலம். ‘இந்த வருடம் இன்வெர்னு நன்றாக இருந்தது’ என்று ஒரு விவசாயி சொன்னால் மழை நன்றாகப் பெய்தது என்று பொருள். பாட்டின் முதல் சொற்களே ‘இன்வெர்னு வரும்போது’ என்பவைதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வானம். மேகம் கறுத்துத் திரண்டு நிற்கும் வானத்தைப் பார்த்து அந்தப் பக்கத்து மக்கள் ‘பொனிட்டு ப்ரா ஷொவேர்’ என்பார்கள். ‘மழை பெய்வதற்கு அழகாக இருக்கிறது’ என்பது நேர்ப்பொருள். என் அலுவலகத்தில் தேநீர் கொடுத்த சேயரா என்ற வடகிழக்கு மாநிலத்து அம்மாள், சாவோ பாவுலோவின் இருண்ட மதியங்களில் ஜன்னலுக்கு அருகில் வந்து அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். எங்களுக்கோ குடை எடுத்து வரவில்லையே என்ற கவலை. தெளிந்த நீல வானம் அவர் ஊரில் அழகில்லை, அச்சம்.

கடைசியாக ‘வாய்’. ‘போ’ என்பது அகராதிப் பொருள். ஆனால் கால்பந்து மைதானத்தில் தம் அணியைப் பார்த்து ‘வாய்!’ என்று ஆயிரம் பேர் கத்தும்போது, ‘போய்விடு’ என்று சொல்லவில்லை. ‘விடாதே, நடத்து’ என்கிறார்கள். ‘இன்று வானம் எவ்வளவு அழகு’ என்று ஒருவர் சொல்ல, பின்னால் நிற்பவர்கள் ‘வாய், மழையே!’ என்று குரல் கொடுத்தால், ‘பெய், மழையே, பெய்’ என்றுதான் ஒரு வடகிழக்குக் காதுக்கு விழக்கூடும்.

பதிவு 10, ஒலிப்பேழை

செல்வி, படித்தபோது கை தட்டத் தோன்றியது. தட்டிவிட்டு ஆட்சேபணையைச் சொல்கிறேன். கஸ்ஸியானோ சிறு வயதிலேயே குடும்பத்தோடு ரியோ வந்து, இளமையில் கட்டட வேலையில் சித்தாளாக உழைத்தவர். அவருடைய இசைக்காது ரியோவில் அமைந்தது. பாட்டில் கூட்டாளியாக சில்வியோ ஹோஷேலும் இருக்கிறார். தவிர, ரோஜாவும் மூன்று பருவமும் வருகிற ஒரு பாட்டு, கருவேலங்காட்டு வறட்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதென்று நம்ப எனக்குக் கொஞ்சம் சிரமம். பிரேசிலில் பெரும்பாலோர் இதை ‘மழையே, போ’ என்றே கேட்கிறார்கள். சிலர் காதில் அது ‘சாய் ஷூவா’ என்றே விழுகிறது. ‘சாய்’ என்றால் ‘வெளியே போ’ என்று சந்தேகத்துக்கே இடமில்லாத பொருள்.

இருந்தாலும் உங்கள் வாசிப்பை ஒதுக்கிவிட முடியாத ஒரு காரணமும் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. அதில் ‘கொரொனே அன்டோனியு பென்டு’ என்று, ஜொவாவோ டூ வாலியும் லுயீஸ் வாண்டர்லேயும் எழுதிய வடகிழக்குப் பாட்டு இருக்கிறது. பய்யாவோ என்ற வடகிழக்குத் தாளத்தைச் சோல் கருவிகளில் வார்த்துப் பாடியிருப்பார் டிம் மாயா. ‘பாத்ரி சீசெரு’ என்ற இன்னொரு பாட்டு, வடகிழக்கு மக்கள் புனிதராக வணங்கும் பாதிரியாரைப் பற்றியது. டிம் மாயாவும் கஸ்ஸியானோவும் சேர்ந்து எழுதியது. டாரிடவுனும் டிஜூகாவும் வடகிழக்கும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும்போது, மழை எந்த ஊர் மழை என்று நான் எப்படி அடித்துச் சொல்வேன்?

பதிவு 11, தாளக்கட்டு

ஒன்றே ஒன்று. பாட்டு முடிவதில்லை, கவனித்தீர்களா? வானமும் மழையும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்போதே ஒலி மங்கி மறைகிறது. மழை போனதா, பெய்ததா என்பதைக் கேட்கிறவர் தெரிந்துகொள்ளவே முடியாது. பாடகர் குழுவில் எங்களுக்கு இந்த மாதிரி இடம் வந்தால், நடத்துநர் ‘கேள்வியைப் பதிலாகப் பாடாதீர்கள்’ என்பார். இந்தக் குழுவும் ஒவ்வொரு முறையும் ‘ஷூவா’வை அப்படித்தான், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறமாதிரி, விடுகிறது.

பதிவு 12, கூடல்வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து நோட்டில் இருந்த மொழிபெயர்ப்பை முழுக்க அடித்துவிட்டு, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் பாடகருக்கும் வலப்பக்கம் குழுவுக்கும் ஒதுக்கி எழுதினேன். ‘உன்னோடு’ இப்போது ‘நின்னோடு’ ஆகிவிட்டது. முதலில் செயற்கையாகப் பட்டது, இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்ததும் அந்த மடிப்புக் கலையாத சட்டை தெரிந்தது. இடப்பக்கம் நான் நினைத்ததைவிட வெறிச்சென்று கிடக்கிறது. தாளக்கட்டு சொன்னதுபோல அவருக்கென்று சொந்தமாக இருப்பது மிகக் கொஞ்சம்தான்.

மழையிடம்தான் மாட்டிக்கொண்டேன். ‘மழையே, போ’ என்று எழுதினால் செல்வி அக்காவின் தேநீர் அம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்க்கிறார். ‘மழையே, பெய்’ என்று எழுதினால் ரியோவின் மலைச்சரிவு வீட்டுக்காரர்கள் அடிக்க வருவார்கள். இரண்டையும் தாங்குகிற ஒரு தமிழ் வினை கிடைக்குமா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். ‘ஆகட்டும் மழையே’ என்றுகூட எழுதி அடித்தேன், நன்றாயில்லை. இப்போதைக்கு வலப்பக்கத்தின் அடியில் ‘வாய் ஷூவா’ என்று அப்படியே எழுதி, பென்சிலில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது சொல் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், அழித்துக்கொள்கிறேன்.